காய்வது வேறு, இறுகுவது வேறு

நீங்கள் கேட்டிருப்பது இது: 1/72 அளவில் ஒரு பிளாஸ்டிக் போர்விமான கிட்டை ஒட்டி முடித்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டைத் தூரிகையால் நேரடியாகப் பூசினீர்கள். மறுநாள் உருமறைப்பு வண்ணத்துக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தபோது, பெயிண்ட் தோல் உரிவதுபோல் டேப்போடு வந்துவிட்டது. அதே விமானத்தின் அடிப்பகுதிக்கு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்பு எனாமலை மண்ணெண்ணெய் கலந்து பூசியிருக்கிறீர்கள். 15 நாள் ஆகியும் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. பெயிண்ட் மட்டமானதா, சென்னையின் ஈரக்காற்று காரணமா, உங்கள் கை சரியில்லையா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கையில் குறை இல்லை. பெயிண்டும் அநேகமாக நல்ல பெயிண்டுதான். ஒரே விமானத்தில் இரண்டு வெவ்வேறு நோய்கள் வந்திருக்கின்றன. மேலே பூசியது காய்ந்துவிட்டது, ஆனால் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. கீழே பூசியது பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது, ஆனால் இறுகவில்லை. பிடிப்பு, காய்தல், இறுகுதல் ஆகிய மூன்றையும் நாம் பேச்சில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பொழுதுபோக்காக மாடல் செய்பவர்களுக்கு நேரும் பெயிண்ட் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பிடிப்பு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்கள், சுட்ட மண் பொம்மைக்கு முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகே வண்ணம் தீட்டுவார்கள். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். பூச்சு அவற்றுக்குள் இறங்கி வேர் பிடித்துக்கொள்கிறது. உங்கள் விமானம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். மெருகேற்றிய எஃகு அச்சில் உருகிய நிலையில் அழுத்திச் செலுத்தி வார்க்கப்பட்டது. அதில் துளையே கிடையாது. மண் பொம்மைக்கே அடிப்பூச்சு தேவைப்படும்போது, கண்ணாடிபோல் வழவழத்த இந்தப் பரப்புக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

கிட்டின் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் போல உருண்டு ஓடாது. ஆனாலும் பரவாமல் குவிந்தே நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவு. பாலிஸ்டைரீனின் பரப்பு ஆற்றல் அதில் ஏறக்குறைய பாதிதான். தண்ணீருக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்வதில் இருக்கும் ஆசை, பிளாஸ்டிக்கைப் பிடிப்பதில் இல்லை. அக்ரிலிக் பெயிண்டைச் செய்பவர்கள் இதற்காகவே பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அதனால் பெயிண்ட் பரவும். ஆனால் பரவுவது மட்டுமே பிடிப்பு ஆகிவிடாது. நீங்கள் நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் அந்தப் பொருள்களும் நீர்த்துப்போய், பெயிண்ட் மூலைகளில் ஒதுங்கி, மேடான இடங்களை விட்டு விலகிவிடும்.

பெயிண்ட் ஒரு வழவழப்பான பரப்பைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பரப்பில் இருக்கும் சொரசொரப்பில் பல் வைத்துப் பற்றிக்கொள்வது. இன்னொன்று, பெயிண்டில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சிறிது இளக்கி, அதனோடு கலந்து இறுகுவது. இரண்டாவதுதான் மிக வலுவானது. வலுவான கரைப்பான் கொண்ட லேக்கர் வகை பிரைமர்கள், அதாவது அடிப்பூச்சுகள், இதைத்தான் செய்கின்றன. ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் தயாரிக்கும் மிஸ்டர் சர்ஃபேசர் போன்றவற்றைப் பாலிஸ்டைரீனில் சரியாக அடித்தால், பிறகு நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. தாமியாவின் பாட்டில் அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருப்பதால் அதற்கும் ஓரளவு பிடிப்பு உண்டு. வயேஹோ, சிட்டடல் போன்ற தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக்குகளுக்குப் பிளாஸ்டிக்கை இளக்கும் சக்தி அறவே இல்லை. அது அவற்றின் குறையன்று. வீட்டுக்குள் மூச்சு முட்டாமல் தூரிகையால் நுணுக்கமாக வேலை செய்யும் சௌகரியத்துக்காக நாம் கொடுக்கும் விலை. அவற்றுக்கு அடியில் பிரைமர் கட்டாயம். நீங்கள் தவிர்த்த முதல் படி அதுதான்.

தவிர்த்த இரண்டாவது படி கழுவுவது. நீங்கள் எழுதியதில் கழுவியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அச்சிலிருந்து பொருள் எளிதில் கழன்று வருவதற்காகப் பூசும் வழுக்குப் பொருள் சில கிட்டுகளில் மிஞ்சியிருக்கும். இன்றைய நல்ல கிட்டுகளில் அது மிகக் குறைவு. அதைவிடப் பெரிய எதிரி நம் விரல். ஒரு வாரம் ஒட்டவும் தேய்க்கவுமாகக் கையில் புரட்டிய விமானத்தில், விரல் எண்ணெயும் வியர்வையும் படியாத இடமே இருக்காது. இறக்கையின் முன்விளிம்பிலும் உடற்பகுதியின் முதுகிலும்தான் பெயிண்ட் முதலில் உரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விமானத்தைப் பிடித்த இடங்கள் அவைதாம் என்று நினைக்கிறேன்.

பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல்தூரிகை ஒன்று போதும். கொதிநீர் கூடாது, மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். நன்றாக அலசி, பஞ்சு ஒட்டாத துணிமேல் வைத்து ஓர் இரவு உலரவிடுங்கள். பெயிண்ட் அடிப்பதற்குச் சற்று முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் தோல் வறளாமல் இருக்க விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். எண்ணெயைத் துடைக்கப் போய் எண்ணெயையே பூசிவிடுவோம்.

பிரைமர் அடிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே பூச்சில் பிளாஸ்டிக் நிறத்தை மறைத்துவிட நினைப்பது. டப்பாவை முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தொலைவில் வைத்து, மாடலுக்கு வெளியே தொடங்கி மாடலுக்கு வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரியத்தான் வேண்டும். சில நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. தொலைவு கூடினாலோ மின்விசிறி ஓடினாலோ வெயில் காலக் காற்றில் துளிகள் வழியிலேயே காய்ந்து, மாவு தூவியதுபோல் விழும். விரலால் தடவினால் நறநறக்கும். அந்தத் தூள் எதையும் பிடிக்காது, அதன்மேல் பூசுவதும் அதோடு சேர்ந்து உதிரும்.

கார்களுக்கான சாம்பல் நிற பிரைமர் ஸ்பிரே இங்கே மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் கரைப்பான்கள் உலோகத்தை மனத்தில் வைத்துக் கலக்கப்பட்டவை. தாராளமாக அடித்தால், விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் நுண்ணிய கோடுகள் உருகி மழுங்கிவிடும். ஸ்ப்ரூவில் சோதிக்காமல் மாடலில் அடிக்கவே கூடாது. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகத் தின்னர் என்று கேட்டால் தருகிற, பெயிண்டை நீர்க்கச் செய்யும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பாலிஸ்டைரீனை நேராகவே கரைக்கும். அதைக் கிட்டின் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னது பாலிஸ்டைரீனுக்கு. எல்லா மாடலும் அதுவல்ல. கன்ப்ளா எனப்படும் பண்டாய் ரோபோ கிட்டுகளில் பல பாகங்கள் பாலிஸ்டைரீன். அழுத்தம் தாங்கும் உள் எலும்புக்கூடு பலவற்றில் ஏபிஎஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக். கோடுகளுக்குள் ஓடவிடும் எனாமல் கலவையிலுள்ள தின்னர், இறுக்கமாகப் பொருத்திய ஏபிஎஸ் மூட்டுகளுக்குள் புகுந்தால் அவை வெடித்துப் பிளக்கும். அங்கே பிரச்சினை பெயிண்ட் பிடிக்காதது அல்ல, தின்னர் அளவுக்கு மீறி உள்ளே போவது.

மென்மையான, வளையும் சிப்பாய் பொம்மைகள் இருக்கின்றனவே, ஏர்ஃபிக்ஸ் 1959 முதல் பெட்டி பெட்டியாக விற்ற வகை, அவை பாலிஎத்திலீன். எந்தச் சாதாரணக் கரைப்பானும் அதை இளக்காது. உப்புத்தாளால் தேய்த்தால் நார் நாராக எழும்பும். அதன்மேல் எதைப் பூசினாலும் ஒரு முறை துப்பாக்கி முனையை வளைத்தால் செதில் செதிலாகக் கொட்டிவிடும். பழைய ஆட்கள் வெள்ளைப் பசையை நீர்க்கக் கலந்து மேலே போர்வைபோல் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். போர்வை பொம்மையைச் சுற்றிலும் மூடியிருப்பதால் தாங்கும். இப்போது அதைவிட நல்ல வழி உண்டு. கார் பம்பர்களும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். பம்பருக்கு வண்ணம் அடிக்கும் முன் பூசும் பிளாஸ்டிக் பிரைமர் கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும். நன்றாகக் கழுவிய பொம்மையில் அதை மிக மெல்லிசாக அடித்து, மேலே வளையக்கூடிய அக்ரிலிக்கைப் பூசுங்கள். எனாமல் வேண்டாம்; அது இறுகியபின் வளையாது.

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் சிற்றுருவங்கள் பல பிவிசி. அவற்றில் நேர்மாறான தொல்லை. பிவிசியை வளையும்படி ஆக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கி கலந்திருக்கும். அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து மேலே உள்ள பெயிண்டுக்குள் ஏறும். சில ஸ்பிரே பிரைமர்களும் எனாமல்களும் அதனால் மாதக்கணக்கில், ஏன், என்றைக்குமே பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. பிவிசிக்கு நான் எப்போதும் தண்ணீர் அடிப்படையிலான பிரைமரைத் தூரிகையால்தான் பூசுகிறேன்.

முப்பரிமாண அச்சில் செய்த ரெசின் உருவங்கள் இப்போது நம் ஊரிலும் பெருகிவிட்டன. அவற்றைப் பற்றி அதிகம் பேர் கேட்கிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். அச்சிலிருந்து எடுத்த உருவத்தின்மேல் இறுகாத திரவ ரெசின் படிந்திருக்கும். முதலில் ஒரு பாத்திர ஆல்கஹாலில் அழுக்கைக் கழுவி, பிறகு இன்னொரு பாத்திரச் சுத்தமான ஆல்கஹாலில் அலசுங்கள். ஆல்கஹால் முழுவதும் ஆவியான பிறகே 405 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் வெள்ளைப் படலம் படியும், பிசுபிசுப்பும் தங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரெசினின் மேல்தோல் இறுகுவதைத் தடுக்கும். ஆகவே கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து ஒளி காட்டினால் மேல்தோல் நன்றாக இறுகுகிறது. உள்ளே வெற்றிடம் விட்டு அச்சடித்த உருவமானால், வடிகால் துளை வழியாக உள்ளேயும் கழுவுங்கள். உள்ளே சிறைப்பட்ட திரவ ரெசின் நாள் கழித்துக் கசிந்து வெளியே வந்து, ஒரு மாத வேலையைப் பாழாக்கிய உருவத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள். தோலுக்கு ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அதை விடுவது கடினம். நைட்ரைல் கையுறை கட்டாயம்.

வார்ப்பு ரெசினுக்கு மேலே சொன்ன சோப்புக் குளியலை இரண்டு முறை கொடுங்கள், அதில் வழுக்குப் பொருள் அதிகம். பித்தளைத் தகட்டுப் பாகங்களை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, உலோக பிரைமர் பூசிவிடுங்கள். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது நோய்க்கு வருவோம். பெயிண்ட் எப்படி இறுகுகிறது என்பது எந்தப் பெயிண்ட் என்பதைப் பொறுத்தது. லேக்கர் மிக எளிது. சர்க்கரைத் தண்ணீர் வற்றினால் சர்க்கரை மிஞ்சுவதுபோல், கரைப்பான் ஆவியானால் பிசின் மிஞ்சுகிறது. வேதிமாற்றம் ஏதும் இல்லை. அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரைகிறது.

தண்ணீர் அக்ரிலிக்கில் பிசின் கரைந்திருப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் இதே வகைதான். தண்ணீர் ஆவியாக ஆக உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று அழுந்தி, குழைந்த சோற்றுப் பருக்கைகள்போல் எல்லைகள் அழிந்து ஒரே படலமாகின்றன. அப்படிக் குழைய உதவுவதற்காகப் பெயிண்டில் ஒரு மெதுவான கரைப்பானைச் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் 20 நிமிடத்தில் போய்விடும், விரலுக்குக் காய்ந்துவிட்டது போலவே தெரியும். மெதுவான கரைப்பான் போக நாள்கள் ஆகும். அதுவரை படலம் மென்மையாகவே இருக்கும். டேப்போடு சேர்ந்து மெல்லிய ரப்பர்போல் இழுபட்டு வரும். மறுநாளே டேப் ஒட்டினீர்கள் அல்லவா, அப்போது நடந்தது இதுதான். பிரைமர் இல்லாததும் கழுவாததும் இதோடு சேர்ந்துகொண்டன. பிரைமர்மேல் பூசிய அக்ரிலிக்கானாலும் டேப் ஒட்ட நான் குறைந்தது 48 மணி நேரம் விடுவேன். ஈரக்காற்றுக் காலத்தில் மூன்று நாள். தண்ணீர் அடிப்படையிலான பிரைமரையும் அவ்வாறே விட வேண்டும். அவசரப்பட்டு உப்புத்தாளால் தேய்த்தால் சுருண்டு சுருண்டு வரும்.

காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெயிலில் தூரிகை முனையிலேயே பெயிண்ட் காய்கிறது என்று அதைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். அது படலத்துக்குள் தங்கிவிட்டால் பெயிண்ட் இறுகவே இறுகாது. தூரிகையின் முனையில் தொட்டு எடுக்கும் அளவு போதும்.

எனாமலின் கதை வேறு. தேங்காய் எண்ணெயை ஒரு தட்டில் தடவி எத்தனை மாதம் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும். ஆளி விதை எண்ணெயை அப்படி வைத்தால் சில நாளில் தோல்போல் இறுகிவிடும். ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. எனாமலின் பிசின் இந்த வகை எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது. அது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் தின்னர் ஆவியாகும், சில மணி நேரம். பிறகு ஆக்சிஜனோடு சேர்ந்து வலை பின்னும், பல நாள், பளபளப்பு வகையானால் வாரங்கள்கூட. திறந்துவைத்த எனாமல் டப்பாவின் மேலே பாலாடைபோல் ஆடை படிந்து, கீழே திரவமாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் விமானத்தின் அடிப்பகுதியும் இப்போது கிட்டத்தட்ட அந்த டப்பாதான்.

ஏன் அப்படி ஆனது? முதலாவது, மண்ணெண்ணெய். அதில் எளிதில் ஆவியாகாத கனமான பகுதிகள் நிறைய உண்டு. அவை படலத்துக்குள்ளேயே தங்கிப் பெயிண்டை மென்மையாக வைத்திருக்கின்றன. வீட்டுக் கதவுக்கு அடிக்கும்போது மரம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படி உறிஞ்சாது. எனாமலுக்கு டர்பன்டைன் என்ற பெயரில் விற்கும் மினரல் டர்பன்டைன் போதும், இன்னும் நல்லது அந்தப் பெயிண்ட் நிறுவனத்தின் சொந்தத் தின்னர். இரண்டாவது, கனமான பூச்சு. மேலே ஆடை படிந்துவிட்டால் கீழே ஆக்சிஜன் போகாது. கதவுக்கான எனாமலைச் சிறு மாடலில் பூசும்போது கனம் கூடுவது இயல்பு. மூன்றாவது, டப்பாவை அடிவரை கலக்கியிருக்கிறீர்களா? மேலே தேங்கிய எண்ணெய்த் திரவத்தை மட்டும் எடுத்திருந்தால் அதுவும் இறுகச் சிரமப்படும்.

காற்றின் ஈரம் இதில் துணைக்குற்றவாளி மட்டுமே. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தண்ணீர் அக்ரிலிக் காய நேரம் கூடுவது உண்மை. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் பெயிண்டின் தண்ணீர் எங்கே போகும்? ஆனால் மிகப் பெரிய சேதம் லேக்கர் ஸ்பிரேயிலும் மங்கல் வார்னிஷிலும்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம்போல், ஈரம் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. கறுப்பு விமானம் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். சின்னதாக ஓர் ஈரப்பத மானி வாங்கி மேசையில் வையுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று ஸ்பிரே வேண்டாம், ஒட்டுகிற வேலையைப் பாருங்கள். பொதுவாக விடிகாலையில் ஈரப்பதம் அதிகம், வெயில் ஏற ஏறக் குறையும். நான் முற்பகல் 11 மணிக்கு மேல்தான் ஸ்பிரே எடுப்பேன். வெளுத்துவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். லேக்கரானால் காய்ந்த ஒரு நாளில் மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிசாகத் தூவினால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். மங்கல் வார்னிஷ் வெளுத்தால் அதன்மேல் ஒரு பூச்சு பளபளப்பு வார்னிஷ் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏசி அறையில் காற்று உலர்ந்திருக்கும் என்பதால் தூரிகை வேலைக்கும் காய வைப்பதற்கும் நல்லது. அங்கே ஸ்பிரே அடிக்காதீர்கள். மூடிய அறையில் அந்த ஆவியை நீங்களும் வீட்டிலிருப்பவர்களும் சுவாசிக்க நேரும். மொட்டைமாடியோ பால்கனியோ போதும், ஆவியை வடிகட்டும் கரி வடிகட்டி முகமூடியோடு. துணி முகமூடி தூசியைத் தடுக்கலாம், கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

இறுகுவதை விரைவுபடுத்த இளஞ்சூடு உதவும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வைக்கக்கூடிய, பழம் உலர்த்தும் கருவி இருந்தால் அருமை. சில மணி நேரத்தில் நல்ல மாற்றம் தெரியும். நேரடி வெயிலிலோ நிறுத்திய காருக்குள்ளோ வைக்காதீர்கள். முடி உலர்த்தியைப் பக்கத்தில் பிடித்து இறக்கையை வளைத்துக்கொண்டவர்கள் பலர்.

எதன்மேல் எதைப் பூசலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் தொடங்கிய காலத்தில் ஒரு பீரங்கி வண்டிக்கு எனாமல் பூசி, நான்கு நாள் கழித்து, தொட்டால் காய்ந்திருந்தது என்ற நம்பிக்கையில் மேலே லேக்கர் வார்னிஷை ஸ்பிரே செய்தேன். ஐந்தே நிமிடத்தில் முழுப் பரப்பும் கிழவரின் புறங்கைபோல் சுருங்கிவிட்டது. பாதி இறுகிய எனாமலுக்குள் லேக்கரின் வலுவான கரைப்பான் புகுந்து உப்பவைத்துவிட்டது. ஆறு வார வேலை. அன்றுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பை முதன்முதலாக உணர்ந்தேன். அடியில் லேக்கர், நடுவில் அக்ரிலிக், மேலே எனாமல் அல்லது ஓவியர்களின் ஆயில் பெயிண்ட் என்ற வரிசையில் போனால் ஆபத்து மிகக் குறைவு. மேலே வருவதன் கரைப்பான் கீழே இருப்பதை இளக்கக்கூடாது என்பதே இந்த வரிசையின் காரணம்.

பெயிண்ட் பிடித்ததா, இறுகியதா என்பதை மாடலில் சோதிக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் பிளாஸ்டிக் கரண்டிகளில் சோதிப்பார்கள். இங்கே அவை 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டவை. ஸ்ப்ரூ அதைவிட மேல், உங்கள் மாடலின் அதே பிளாஸ்டிக் அல்லவா! எழுத்துகள் பொறித்த தட்டையான பட்டை ஏதாவது அதில் இருக்கும். மாடலுக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையையும், கழுவுவது உட்பட, அதற்கும் செய்யுங்கள். பெயிண்ட் தொழிலில் ஐஎஸ்ஓ 2409 என்றொரு சோதனை முறை இருக்கிறது. புது பிளேடால் 1 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, 25 கட்டங்கள் கிடைக்கும். டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கட்டமும் நின்றால் 0, மிக மோசமானால் 5 என்று மதிப்பிடுவார்கள். நம் மாடலுக்குக் கோடுகளின் ஓரத்தில் சில துணுக்குகள் மட்டும் போனால் பரவாயில்லை. முழுக் கட்டங்கள் போனால் மாடலில் டேப் ஒட்டாதீர்கள். எனாமலுக்கும் லேக்கருக்கும் இன்னும் எளிய சோதனை மூக்கு. மாடலை முகத்தருகே கொண்டுபோனால் தின்னர் வாசனை வருகிறதென்றால் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது உங்கள் விமானத்தைக் காப்பாற்றுவோம். அடிப்பகுதியில் பிசுபிசுக்கும் கறுப்பை, காற்றோட்டமும் இளஞ்சூடும் உள்ள இடத்தில் இன்னும் 10 நாள் விட்டுப் பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் இப்போதே துடைத்துவிடுவது மேல். இறுகாத நிலையில் எளிதாக வரும், பாலிஸ்டைரீனையும் கெடுக்காது. மூட்டுகளிலும் ஒட்டிய இடங்களிலும் தேங்கவிடாதீர்கள். மேலே மிஞ்சியிருக்கும் அக்ரிலிக்கை ஐசோபுரொப்பைலில் நனைத்த பழைய பல்தூரிகையால் தேய்த்து எடுங்கள். உரிந்த ஓரங்களை அப்படியே விட்டு மேலே பூசினால் படிக்கட்டுபோல் தெரியும். பிறகு சோப்புக் குளியல், ஓர் இரவு, லேக்கர் பிரைமர் மெல்லிசாக மூன்று பூச்சு, இன்னோர் இரவு, உங்கள் அக்ரிலிக் மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. அடிப்பகுதிக்கும் அதே அக்ரிலிக்கில் கறுப்பு வாங்கிவிடுங்கள்.

டேப் ஒட்டுமுன் அதை ஒரு சுத்தமான கண்ணாடித் தட்டில் ஒட்டி எடுத்து, பசையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிலர் உள்ளங்கையில் ஒட்டி எடுப்பார்கள், அது கை எண்ணெயை மாடலுக்கு ஏற்றிவிடும். பெயிண்ட் பூசிய பின் டேப்பை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தன்மேலேயே மடிந்து வரும்படி, பரப்போடு தாழ்த்தி மெதுவாக இழுங்கள். நான் ஒவ்வொரு மாடலையும் பிடித்துக்கொள்ளும் மரக்கட்டையின்மேல் கடைசியாகப் பூசிய தேதியையும் நேரத்தையும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். பொறுமை இழந்து கை டேப்பை நோக்கிப் போகும்போதெல்லாம் அந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.